மன்னர் இறந்த மறுநாள்: குரூசேடர் கிங்ஸ் 3 விளையாட்டின் இடைநிலைப் பாடங்கள்

இடைக்கால அரசர்களை நாம் நடத்தும் குரூசேடர் கிங்ஸ் 3 என்ற கணினி விளையாட்டின் அடிப்படைகளைக் கடந்துவிட்ட ஒருவருக்குப் போர் அறிவிக்கத் தெரியும், பிள்ளைகளுக்குத் திருமணம் முடிக்கத் தெரியும், அவையின் பொறுப்புகளுக்கு ஆள் அமர்த்தத் தெரியும். பயிற்சி ஆட்டத்தில் வரும் மன்ஸ்டர் நாட்டுக் குறுநில மன்னரைக் கொண்டு, 1066-ஆம் ஆண்டின் அயர்லாந்தில் அண்டைக் கவுண்டிகள் எனப்படும் சிறு நிலப்பகுதிகள் சிலவற்றையும் அவர் பிடித்திருப்பார். எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது மன்னர் முதுமையில் இறக்கிறார். நிலம் மகன்களுக்கிடையே பிரிகிறது, வருமானம் சரிகிறது, புதிய மன்னரை மதிக்காத சிற்றரசர்கள் ஒன்றுகூடித் தங்கள் கோரிக்கையை ஏற்காவிட்டால் போர் என்று தூது அனுப்புகிறார்கள். ஆட்டம் தம்மை ஏமாற்றிவிட்டதாக எண்ணிப் பலர் இந்தக் கட்டத்தில் அதைக் கைவிட்டுப் புதிய நாடொன்றில் மறுபடி தொடங்குகிறார்கள்.

அப்படிக் கைவிட வேண்டாம் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். பாரடாக்ஸ் நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட இந்த விளையாட்டில் நாம் நடத்துவது ஒரு நாட்டை மட்டும் என்று கருதினால் பாதி விதிகள் புரியாமலே போய்விடும். நாம் நடத்துவது ஒரு வம்சத்தை. நாடு அந்த வம்சத்தின் கையில் இருக்கும் உடைமை. 1066-இல் தொடங்கும் ஆட்டம் 1453-இல் முடிகிறது. அது 387 ஆண்டுகள். ஒவ்வொரு மன்னரும் சராசரியாக 25 ஆண்டுகள் ஆண்டால்கூட, ஆட்சி ஏறத்தாழ 15 முறை கைமாறும். விளையாட்டு தரும் இன்னொரு தொடக்க ஆண்டான 867-இல் தொடங்கினால் இன்னும் அதிகம். ஆகவே மன்னரின் மரணம் ஆட்டத்தில் இடையே வரும் விபத்தாக இல்லாமல், ஆட்டத்தின் வழக்கமான நிகழ்வாகவே அமைகிறது. இடைநிலை நுணுக்கங்கள் என்று ஆட்டக்காரர்கள் பேசும் பங்கீடு, நேரடி நிலவரம்பு, கிளர்ச்சி அணிகள், பிடிகள், நிலைப்படை, மன அழுத்தம் ஆகிய ஒவ்வொன்றையும், ‘இந்த மன்னர் நாளை இறந்தால் என்ன ஆகும்?’ என்ற ஒரே கேள்வியை முன்வைத்துப் படித்தால், தனித்தனி விதிகளாகத் தோன்றியவை ஒன்றோடொன்று இணைந்து நிற்பது தெரியவரும்.

பங்கீடு என்னும் பெரிய விதி

இதில் மிகப் பெரிய விதி வாரிசுரிமைச் சட்டம். தொடக்கத்தில் பெரும்பாலான மன்னர்களுக்கு அமைந்திருப்பது கான்ஃபெடரேட் பார்ட்டிஷன் எனப்படும் பங்கீட்டு முறை. இதன்படி மன்னரின் முதன்மைப் பட்டமும் தலைநகரும் முதல் வாரிசுக்குச் செல்லும். மற்ற பட்டங்களும் கவுண்டிகளும் ஏனைய வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். இது வடிவமைப்பாளர்கள் கற்பனையாகப் புகுத்திய தண்டனை என்று எண்ண வேண்டியதில்லை. பக்திமான் லூயியின் மூன்று மகன்கள் 843-இல் வெர்டன் உடன்படிக்கையின் மூலம் பிராங்கியப் பேரரசைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். 867-ஆம் ஆண்டுத் தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்தால், மேற்குப் பிராங்கியா, கிழக்குப் பிராங்கியா, லோத்தரிங்கியா, இத்தாலி ஆகியவற்றை ஒரே குடும்பத்தின் நான்கு மன்னர்கள் ஆண்டுகொண்டிருப்பதை வரைபடத்திலேயே காணலாம். 1066-இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம் 1087-இல் இறந்தபோதும் நார்மண்டி ஒரு மகனுக்கும் இங்கிலாந்து இன்னொரு மகனுக்கும் போனது. விளையாட்டு அந்தக் காலத்தின் நடைமுறையைத்தான் விதியாக்கியிருக்கிறது.

பங்கீட்டைப் புரிந்துகொள்வதற்குப் பட்டங்களின் படிநிலை தெளிவாக இருக்க வேண்டும். கவுண்டிகள் சேர்ந்து டச்சி, டச்சிகள் சேர்ந்து ராச்சியம், ராச்சியங்கள் சேர்ந்து பேரரசு என்று அது மேலே செல்கிறது. மன்னரிடம் அயர்லாந்து என்ற ஒரே ராச்சியப் பட்டமும், மன்ஸ்டர், லீன்ஸ்டர் என்ற இரண்டு டச்சிப் பட்டங்களும், அவருக்கு மூன்று மகன்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மன்னர் இறந்ததும் மூத்தவர் அயர்லாந்தின் மன்னராகிறார். இரண்டாமவருக்கு ஒரு டச்சி கிடைத்தாலும், அவருடைய பட்டம் அண்ணனின் பட்டத்தைவிடத் தாழ்ந்தது என்பதால் அவர் அண்ணனுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசராகவே இருப்பார். அரசின் எல்லை மாறாது. மூத்தவரின் நேரடி வருமானம் மட்டும் குறையும். இது தாங்கக்கூடிய இழப்பு.

தாங்க முடியாத இழப்பு ஒரே தரத்தில் இரண்டு பட்டங்கள் இருக்கும்போது வருகிறது. அதே மன்னர் கடல் தாண்டி வேல்ஸிலும் போரிட்டு, வேல்ஸ் ராச்சியத்துக்குச் சட்டப்படி உரிய கவுண்டிகளில் பாதிக்கு மேல் தம் அரசின்கீழ் கொண்டுவந்துவிட்டார் என்றால், அவர் வேல்ஸ் மன்னர் என்ற பட்டத்தை உருவாக்காமலே விட்டிருந்தாலும், கான்ஃபெடரேட் முறை அவர் இறக்கும் கணத்தில் அந்தப் பட்டத்தைத் தானே உருவாக்கி இரண்டாம் மகனிடம் கொடுத்துவிடும். இரண்டாம் மகன் இப்போது அண்ணனுக்குச் சமமான தரமுள்ள மன்னர். சமமானவர் சமமானவருக்குக் கீழ்ப்பட்டிருக்க முடியாது என்பதால் அவர் தனி அரசராகப் பிரிந்துபோவார். வெற்றிகள் குவியக் குவிய அரசு உடையும் வாய்ப்பும் கூடுகிறது என்பது புதியவர்களுக்கு எளிதில் விளங்காத இடம். வேல்ஸில் பாதியைத் தாண்டுவதற்கு முன்பே நிறுத்திக்கொள்வது, அல்லது ஒரே தலைமுறைக்குள் பேரரசுப் பட்டத்தை எட்டிவிடுவது என்ற இரண்டில் ஒன்றை முடிவுசெய்துகொண்டுதான் இரண்டாவது ராச்சியத்துக்குள் படையை அனுப்ப வேண்டும். பேரரசுப் பட்டம் மேலே இருந்தால், வேல்ஸ் மன்னராகும் தம்பியும் அண்ணனுக்குக் கீழேயே நிற்பார். ஆனால் பேரரசை உருவாக்க அதற்குரிய நிலத்தில் 80 விழுக்காடு தேவை. டச்சிக்கும் ராச்சியத்துக்கும் பாதிக்குச் சற்று மேல் போதும்.

பங்கீட்டைச் சமாளிக்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, செலவே இல்லாத வழி. மன்னர் உயிரோடிருக்கும்போதே இளைய மகன்களுக்கு நிலம் கொடுத்துவிடுவது. வாழ்நாளில் கொடுத்த பட்டம் அவர்களுடைய பங்காகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். கொடுக்காமல் விட்டால் எந்தக் கவுண்டி யாருக்கு என்று விளையாட்டு தீர்மானிக்கும். கொடுத்தால் நாம் தீர்மானிக்கிறோம். தலைநகரைச் சுற்றியுள்ள வளமான கவுண்டிகளை மூத்தவருக்காக வைத்துக்கொண்டு, தொலைவில் புதிதாகப் பிடித்த, இன்னும் வளராத கவுண்டிகளை இளையவர்களுக்குத் தரலாம். அரசுத் திரையில் உள்ள வாரிசுரிமைப் பகுதியைத் திறந்தால், மன்னர் இன்றே இறந்தால் எந்தப் பட்டம் யாருக்குப் போகும் என்ற பட்டியல் கிடைக்கும். ஒவ்வொரு போருக்குப் பிறகும், ஒவ்வொரு மகன் பிறந்த பிறகும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடும் பழக்கம், வேறெந்த உத்தியையும்விட அதிகம் பயன் தரும்.

சட்டத்தையே மாற்றுவது அடுத்த வழி. அது பண்பாட்டின் வளர்ச்சியைப் பொறுத்தது. ஹெரிடிட்டரி ரூல் என்ற கண்டுபிடிப்பு முன் இடைக்காலக் கட்டத்தில் வருகிறது; அது வந்தால் சாதாரணப் பங்கீட்டுக்கு மாறலாம். அதில் நிலம் பிரியும், ஆனால் இல்லாத பட்டத்தை மரணத்தின்போது புதிதாக உருவாக்கும் வேலை நடக்காது. வேல்ஸ் சிக்கலுக்கு அதுவே பெரும் தீர்வு. உயர் இடைக்காலக் கட்டத்தில் ஹெரால்ட்ரி வந்தால், முதல் வாரிசுக்குக் குறைந்தது பாதி கிடைக்கும் உயர் பங்கீட்டை ஏற்கலாம். எல்லாம் ஒருவருக்கே போகும் தலைமகன் உரிமை பின் இடைக்காலக் கட்டத்துக்கு உரியது. அந்தக் கட்டம் 1200-க்கு முன்னால் தொடங்காது. எனவே 1066-இல் தொடங்குபவர் தம் முதல் நூற்றாண்டைப் பெரும்பாலும் பங்கீட்டோடுதான் கழிக்க வேண்டியிருக்கும். நம் மன்னர் தம் பண்பாட்டின் தலைவராகவும் இருந்தால், அடுத்து எந்தக் கண்டுபிடிப்பில் கவனம் குவிய வேண்டும் என்பதை அவரே தேர்ந்தெடுக்கலாம். அந்த வாய்ப்புக் கிடைக்கும்போது வாரிசுரிமை தொடர்பான கண்டுபிடிப்புகளுக்கு முதலிடம் கொடுப்பது நல்லது.

தேர்தல் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு குறிப்பிட்ட பட்டத்துக்குத் தேர்தல் சட்டத்தைச் சேர்த்துவிட்டால், அந்தப் பட்டம் பங்கீட்டுக் கணக்கிலிருந்து வெளியேறி, வாக்குரிமை பெற்றவர்கள் தேர்ந்தெடுப்பவருக்குச் செல்லும். ராச்சியப் பட்டம் சிதறாமல் இருக்க இது உதவும். ஆனால் தேர்தல் அந்த ஒரு பட்டத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். மற்ற கவுண்டிகள் வழக்கம்போல் பிரியும். சிற்றரசர்கள் நம் வம்சத்தைச் சேராத ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பட்டமே கைவிட்டுப் போகும் என்பதால், வாக்காளர்களின் நல்லெண்ணத்தைக் காக்க இயலாதவர்கள் இந்த வழியில் இறங்காமல் இருப்பதே மேல். வாரிசு ஒருவரின் உரிமையை நீக்கும் வழியும் உண்டு. வம்சத் தலைவரால் மட்டுமே அதைச் செய்ய முடியும், அதற்கு வம்சம் தலைமுறை தலைமுறையாகச் சேர்க்கும் புகழ்ப் புள்ளிகள் செலவாகும். அந்தப் புள்ளிகள் வம்சத்துக்கு நிலையான நன்மைகளை வாங்கித்தரக்கூடியவை. ஒரு தம்பியை விலக்குவதற்காக அவற்றை இறைப்பது பெரும்பாலும் நட்டமான பேரம் என்பது என் கருத்து.

எவ்வளவு நிலத்தை நேரடியாக வைத்துக்கொள்வது

மன்னர் தம் கையில் நேரடியாக வைத்திருக்கும் நிலத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பட்டத்தின் தரமும் மன்னரின் நிர்வாகத் திறனும் அந்த வரம்பைத் தீர்மானிக்கின்றன. வரம்பைத் தாண்டினால் வரியும் படையும் குறையும். ஒரு கவுண்டியைக் கூடுதலாக வைத்திருப்பதால் மொத்த வருமானமே இறங்கிவிடும் நிலை வரும். தந்தை நிர்வாகத்தில் வல்லவராகவும் மகன் அதில் வலுவற்றவராகவும் இருந்தால், தந்தை இயல்பாக ஆண்ட அதே நிலம் மகனுக்கு வரம்பு மீறியதாகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வரம்புக்குள் எந்தக் கவுண்டிகளை வைத்துக்கொள்வது என்பதில் என் பரிந்துரை எளிது: தலைநகர் இருக்கும் டச்சியின் கவுண்டிகளை வைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை வழங்கிவிடுங்கள். மன்னர் இரண்டுக்கு மேற்பட்ட டச்சிப் பட்டங்களைத் தாமே வைத்திருந்தால் சிற்றரசர்களின் மனம் கசக்கும். வழங்கும்போது உறவினரல்லாத, வாரிசுரிமையில் இடமில்லாத ஒருவருக்கு வழங்கினால் அந்த நிலம் பங்கீட்டில் சேராது; பெற்றவர் நன்றியோடும் இருப்பார். புதிதாகப் பிடித்த கவுண்டியில் கட்டுப்பாட்டு அளவு குறைவாக இருக்கும். அது 100-ஐ நெருங்கும்வரை வரியும் படையும் முழுமையாக வராது. படைத்தலைவரை அங்கே கட்டுப்பாட்டை உயர்த்தும் பணியில் அமர்த்தலாம்.

புதிய மன்னரும் பழைய சிற்றரசர்களும்

முதல் வாரிசு அரியணை ஏறும் நாளில் அவருக்கு எதிராக இரண்டு விஷயங்கள் நிற்கின்றன. தந்தை பல ஆண்டுகளாகச் சேர்த்த நல்லெண்ணம் தந்தையோடு போய்விடுகிறது. ஆட்சி புதிது என்பதாலேயே சிற்றரசர்களின் மதிப்பீட்டில் சில ஆண்டுகளுக்கு ஒரு குறைவும் சேர்கிறது. இந்த இடைவெளியில்தான் கிளர்ச்சி அணிகள் உருவாகின்றன. விடுதலை கேட்கும் அணி, மன்னரின் அதிகாரத்தைக் குறைக்கக் கேட்கும் அணி, வேறொருவரை அரியணையில் ஏற்றக் கேட்கும் அணி என்று அவை பலவகைப்படும். மூன்றாவது அணிக்குப் பெரும்பாலும் முகமாக அமைபவர் நிலம் பெற்ற தம்பியே.

ஓர் அணி தூது அனுப்பத் துணிவது, அதில் சேர்ந்தவர்களின் மொத்தப் படைவலிமை மன்னரின் வலிமையோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு வளர்ந்த பிறகுதான். ஆகவே அணியை உடைக்க எல்லோரையும் மகிழ்விக்கத் தேவையில்லை. அணியின் திரையைத் திறந்து, அதில் படை அதிகமுள்ள ஒருவரையோ இருவரையோ கண்டுபிடித்து, அவர்களை மட்டும் விலகச் செய்தால் மீதமுள்ளவர்கள் வலிமையின்றி நின்றுவிடுவார்கள். பொன் பரிசு உடனடியாக வேலை செய்யும். வலிமைமிக்க சிற்றரசர்கள் அவையில் இடத்தை எதிர்பார்ப்பவர்கள். அதைக் கொடுத்தால் கசப்பு தணியும். திருமண உறவின் மூலம் ஒரு சிற்றரசரோடு கூட்டணி அமைந்துவிட்டால், அவர் மன்னருக்கு எதிரான அணியில் சேர மாட்டார். தங்கைகளுக்கும் அத்தைமார்களுக்கும் வெளிநாட்டு இளவரசர்களைத் தேடுவதற்கு முன், வீட்டுக்குள்ளேயே அச்சுறுத்தலாக இருப்பவரின் மகனைக் கருதிப் பார்ப்பது பல போர்களைத் தவிர்க்கும்.

ஹூக் எனப்படும் பிடி இதற்கு அடுத்த கருவி. ஒருவரின் இரகசியத்தை ஒற்றர் தலைவர் கண்டறிந்து, அதை வைத்து மிரட்டினால் அவர்மீது பிடி கிடைக்கும். வலுக்குறைந்த பிடியை ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்துவிடும். வலுவான பிடியைச் சிறிது இடைவெளி விட்டு மறுபடியும் பயன்படுத்தலாம். அதைவிட முக்கியமாக, வலுவான பிடிக்குள் இருப்பவர் நமக்கு எதிரான அணியில் சேர இயலாது. புதியவர்கள் பிடியை உடனே செலவழித்துவிடுகிறார்கள். அது வலுவான பிடியாக இருந்து, எதிரில் இருப்பவர் நாட்டிலேயே அதிகப் படையுள்ள டியூக்காக (டச்சியை ஆளும் சிற்றரசராக) இருந்தால், ஒன்றும் செய்யாமல் வைத்திருப்பதே அதன் மிகச் சிறந்த பயன்.

பிடியைச் செலவழிக்கத் தகுந்த இடம் நிலவுடைமை ஒப்பந்தம். ஒவ்வொரு சிற்றரசரும் எவ்வளவு வரி, எவ்வளவு படை தர வேண்டும் என்பது அவரோடு தனியாகச் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. பிடி இருந்தால் அதைப் பயன்படுத்தி வரியைக் கூட்டலாம். இல்லையென்றால் ஒன்றைக் கூட்டுவதற்கு ஈடாக, அவையில் நிச்சய இடம் போன்ற வேறொரு உரிமையைக் கொடுக்கலாம். ஈடும் இல்லாமல் பிடியும் இல்லாமல் கூட்டினால் கொடுங்கோன்மைப் புள்ளிகள் சேரும். அது எல்லாச் சிற்றரசர்களின் மதிப்பீட்டையும் குறைக்கும். சில பெரிய சிற்றரசர்களின் ஒப்பந்தங்களைத் திருத்துவதே, புதிய கவுண்டி ஒன்றைப் போரிட்டுப் பிடிப்பதைவிட அதிக வருமானம் தரக்கூடும். இந்தத் திரையைத் திறக்காமலே நூறு ஆண்டுகளைக் கடந்துவிடுபவர்கள் பலர்.

நல்லெண்ணத்துக்கு மாற்றாக அச்சமும் இருக்கிறது. கைதிகளைக் கொல்வது போன்ற செயல்கள் 0 முதல் 100 வரையிலான அச்ச அளவை உயர்த்தும். அச்சம் மிகுந்தால் மன்னரை வெறுக்கும் சிற்றரசர்கள்கூட அணியில் சேரத் தயங்குவார்கள். இயல்பிலேயே துணிச்சல் மிக்கவர்களிடம் மட்டும் அது எடுபடாது. அச்சம் காலப்போக்கில் தானே கரையும் என்பதால் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிளர்ச்சியில் தோற்றுச் சிறைப்பட்டவர்கள் கையில் இருக்கும்போது அவர்களில் சிலரை மன்னித்துச் சிலரைத் தண்டித்தால், நல்லெண்ணமும் அச்சமும் சேர்ந்தே கிடைக்கும். துரோகம் செய்தவரைத் தண்டிப்பது கொடுங்கோன்மையாகக் கருதப்படாது.

பிரியாத இரண்டு சொத்துகள்

நிலம் பிரியும், கருவூலத்தில் உள்ள பொன்னும் மென்-அட்-ஆர்ம்ஸ் எனப்படும் நிலைப்படையும் பிரியாமல் முதல் வாரிசுக்கே செல்லும். இந்த ஒரு செய்தியே இடைநிலை ஆட்டத்தின் பொருளாதாரத்தை மாற்றிவிடும். முதுமையடைந்த மன்னர் கருவூலத்தைக் காலியாக்கிவிட்டு இறந்தால், வாரிசால் பரிசு கொடுக்கவும் முடியாது, படை திரட்டவும் முடியாது. கிளர்ச்சி அணி தன் வலிமையை மன்னரின் வலிமையோடு ஒப்பிட்டுத்தான் துணிகிறது என்று மேலே பார்த்தோம். அந்த வலிமையில் நிலைப்படையும் அடங்கும் என்பதால், தந்தை விட்டுச்செல்லும் நல்ல படை மகனின் முதல் ஆண்டுகளில் போரிடாமலே காவலாக நிற்கிறது.

குடிமக்களிலிருந்து திரட்டப்படும் லெவிப் படையின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. லெவி வீரர் ஒருவரின் அடிப்படைத் தாக்குதல் மதிப்பு 10. கவசக் குதிரைப்படை வீரரின் மதிப்பு 100. எனவே எண்ணிக்கையில் சிறிய படை பெரிய படையைத் தோற்கடிப்பது இந்த விளையாட்டில் வியப்பானதன்று. படை வகைகள் ஒன்றையொன்று முறிக்கும் வட்டத்தையும் கவனிக்க வேண்டும். ஈட்டிப்படை குதிரைப்படையை முறிக்கும். கன காலாட்படை ஈட்டிப்படையை முறிக்கும். இலகுவான காலாட்படை கன காலாட்படையை முறிக்கும். வில்லாளர்கள் இலகுவான காலாட்படையை முறிப்பார்கள். குதிரைப்படை வில்லாளர்களை முறிக்கும். நிலப்பரப்பும் சேர்ந்துகொள்கிறது. சமவெளியில் வெல்லும் கனக் குதிரைப்படை மலையிலும் சதுப்பிலும் தளர்ந்துவிடும்.

எல்லா வகைகளிலும் ஒவ்வொரு பிரிவு வைத்துக்கொள்ளும் ஆசை பலருக்கு வரும். அதைவிட, நம் நிலத்துக்கும் பண்பாட்டுக்கும் பொருந்தும் ஒன்றிரண்டு வகைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்கு ஏற்ற கட்டடங்களைத் தலைநகரைச் சுற்றி எழுப்பி, படைப்பிரிவுகளை அங்கே நிலைநிறுத்துவது பல மடங்கு வலிமை தரும். மன்னரின் நேரடி நிலத்தை ஒரே டச்சியில் குவிக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். கட்டடங்கள் இருக்கும் கவுண்டி தம்பியிடம் போய்விட்டால் படையின் பலமும் குறையும். முற்றுகைக் கருவிப் பிரிவு ஒன்று தவறாமல் இருக்கட்டும். போரின் பெரும்பகுதி கோட்டைகளுக்கு வெளியே காத்திருப்பதில்தான் கழிகிறது, காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் பொன் செலவாகிறது.

மன்னரின் மனமும் வாரிசின் வளர்ப்பும்

மன்னர் எப்போது இறப்பார் என்பதை ஓரளவுக்கு நாமே பாதிக்கிறோம். மன்னரின் இயல்புக்கு மாறான செயல்கள் மன அழுத்தத்தைச் சேர்க்கும். இரக்க குணமுள்ளவர் கைதியைக் கொன்றாலும், பேராசைக்காரர் பொன்னை அள்ளிக் கொடுத்தாலும் அழுத்தம் ஏறும். அது 100, 200, 300 ஆகிய அளவுகளை எட்டும்போதெல்லாம் மன முறிவு ஏற்பட்டு, குடிப்பழக்கம் போன்ற ஏதேனும் ஒன்றில் மன்னர் அடைக்கலம் தேட நேரும். உயர்ந்த நிலைகளில் உடல்நலமும் கெடும். வேட்டையும் விருந்தும் அழுத்தத்தைக் குறைக்கும். ஆகவே முன்னர் சொன்ன அச்சத்தின் வழி கொடூர இயல்புள்ள மன்னருக்கே பொருந்தும், பரிசின் வழி தாராள இயல்புள்ளவருக்கே பொருந்தும். எந்த உத்தி சிறந்தது என்ற கேள்விக்கு மன்னரின் இயல்பைப் பார்க்காமல் விடை சொல்ல முடியாத இந்த அமைப்பு, விளையாட்டின் மிக அழகான வடிவமைப்பு என்று நான் கருதுகிறேன்.

அதனால்தான் வாரிசின் வளர்ப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. குழந்தையின் கல்வி 16 வயதில் நிறைவடைகிறது. அதுவரை பாதுகாவலராக இருப்பவரின் திறன் கல்வியின் தரத்தையும், அவருடைய இயல்புகள் குழந்தையின் இயல்புகளையும் பாதிக்கும். மன்னரே பாதுகாவலரானால் இடையிடையே வரும் நிகழ்வுகளில் இயல்பைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் கிடைக்கும். வாரிசு சிறுவராக இருக்கும்போதே மன்னர் இறந்துவிட்டால், சிறுவரின் சார்பில் ஆளும் பகர ஆட்சியாளர் ஒருவர் அமர்வார். 2023-இல் வந்த விரிவாக்கத்திலிருந்து அந்தப் பகர ஆட்சியாளருக்கும் மன்னருக்கும் இடையே அதிகாரம் சாயும் தராசு ஒன்றும் சேர்க்கப்பட்டிருப்பதால், தகுதியற்ற ஒருவர் அந்த இடத்தில் அமர்வது சிறுவரின் ஆட்சியை நெடுங்காலத்துக்குப் பாதிக்கும்.

மன்னரின் கடைசிப் பத்தாண்டுகளுக்கென்று தனியான விளையாட்டு முறை ஒன்று உண்டு. பொன் வாரிசுக்குப் போகும். கௌரவப் புள்ளிகளும் பக்திப் புள்ளிகளும் அந்த மன்னருக்கே உரியவை. எனவே முதியவர் பொன்னைச் சேமித்துக்கொண்டு, கௌரவத்தையும் பக்தியையும் தயங்காமல் செலவழிக்கலாம். முடியாட்சி அதிகாரத்தை ஒரு படி உயர்த்துவதற்குக் கௌரவம் செலவாகும், சிற்றரசர்கள் அதை விரும்பவும் மாட்டார்கள். புனிதப் போருக்குப் பக்தி செலவாகும். கொடுங்கோன்மைப் புள்ளிகளும் அதைச் செய்த மன்னரையே சாரும் என்பதால், எவ்விதக் காரணமுமில்லாமல் ஒரு பட்டத்தைப் பறிப்பது, ஒப்பந்தத்தைக் கடுமையாக்குவது போன்ற வெறுப்பைத் தரும் காரியங்களைப் புதிதாக ஆளவரும் இருபது வயது மகனைவிட அறுபது வயதுத் தந்தை செய்வது மேல். அவர் உயிரோடிருக்கும்வரை நிலைப்படையும் அச்சமும் அவரைத் தாங்கும். மகன் அந்த வெறுப்பின் பெரும்பகுதியைச் சுமக்காமல், உயர்ந்த அதிகாரத்தோடும் நிறைந்த கருவூலத்தோடும் தொடங்குவார். ஆனால் ஏதேனும் ஓர் அணி ஏற்கெனவே மன்னரின் வலிமைக்கு அருகில் வந்திருந்தால் இதைத் தொடங்க வேண்டாம். போர் நடுவில் தந்தை இறந்து, அந்தப் போரை மகன் ஏற்க நேர்ந்தால், தந்தை செய்த ஏற்பாடுகளின் பயன் பெரும்பாலும் அந்தப் போரிலேயே கரைந்துவிடும்.